தெற்கு வாய்க்காலின் சாட்சி

செங்கழிக் கழிமுகத்தில் நிறைய மீன் கிடைத்தது என்று வாய் திறந்து சொன்ன மனிதரை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. கால் வைக்க இடமில்லாமல் படகு நிறையக் கொடுவாயும் மடவையும் துள்ளிக்கொண்டிருக்கும். கரையில் நிற்பவர் "எப்படி?" என்பார். படகில் இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு "வீட்டுக் கறிக்குத்தான்" என்பார். கேட்டவரும் நம்பியதுபோலத் தலையாட்டுவார், ஏனென்றால் நேற்று அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். கண் பட்டுவிடும் என்பது வெளியே சொல்கிற காரணம். உண்மையைச் சொன்னால் மறுநாள் பத்துப் படகு அதே இடத்துக்குப் பின்னாலேயே வந்து நிற்கும் என்பது சொல்லாத காரணம். அதனால் இடம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு குறைத்துச் சொல்வார்கள். அங்கே கிளிஞ்சத்திட்டு என்ற மீனவ ஊரில் பிறந்த குழந்தைக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த வழக்கத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை, கழிமுகத்துக்குக் காது முளைக்கும் வரைக்கும்.

அந்தக் காதுக்குக் கழிமுகக் கூட்டவையில் ஐந்தாவது நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு கடலைத் தொடும் முன் இரண்டாகப் பிரியும் இடம் அது. வடக்கு வாய்க்கால் கரையில் வயல்களும் இறால் பண்ணைகளும் இருந்தன. கிளிஞ்சத்திட்டுக்காரர்கள் கழி நட்டுக் கட்டிய வலைகளும் பெரும்பாலும் அங்கேதான். தெற்கு வாய்க்கால் சுரபுன்னை என்கிற அலையாத்தி மரக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேலே உள்ள நகரத்தின் கறுப்புச் சாக்கடைத் தண்ணீர் வெள்ளத்தோடு கலந்து வரும். வாய்க்காலுக்கு ஒன்றாக இருந்த இரண்டு ஷட்டரில் ஒன்றைத் திறந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நகரம் மூழ்கிவிடும். எதைத் திறப்பது என்பதில் வருஷா வருஷம் மண்டை உடைந்தது. கடைசியில் மீனவர், விவசாயி, பண்ணைக்காரர், அரசுத் துறை என்று நாலு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். ஐந்தாவதாக, கழிமுகத்தின் சார்பில் பேச ஒரு இயந்திரம். ஷட்டர் சாவி அதன் கையில். எங்கே நஷ்டம் குறைவோ அங்கே அது தண்ணீரை விடும்.

ஊரில் அதற்கு 'அஞ்சாவது' என்று பெயர் விழுந்துவிட்டது. மீன் இறக்கும் துறையில் கம்பத்தில் கட்டிய ஒரு நீலப் பெட்டிதான் கண்ணுக்குத் தெரிந்த உடம்பு.

தேன்மொழி கூட்டவையில் கிளிஞ்சத்திட்டின் பிரதிநிதி. ஏலத்தில் அவள் குரல் எடுபடும், படிப்பும் கொஞ்சம் உண்டு என்று ஊர் அவளை அனுப்பியிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இயந்திரத்தைப் பொருத்திய நஸ்ரீன்தான் அவளுக்கு எல்லாம் விளக்கினாள்.

"இதுக்கு உப்பு எவ்வளவுன்னு தெரியும்க்கா. சூடு தெரியும், அலை எப்ப ஏறும்னு தெரியும். கலங்கின தண்ணிக்குள்ள மீன் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியாது. கேமராவ இறக்கினா ஒரே மாசத்துல சிப்பி ஒட்டிக்குது. அதனால தெனம் உங்களக் கேக்கும். நீங்க சொல்றத நம்பும்."

"சும்மாவா நம்பும்?"

"சும்மாதான் நம்பும். ஒப்பந்தத்துல முதல் வரியே அதுதான். தண்ணில இறங்கிப் பொழைக்கிறவங்க சொல்லுதான் அளவு. என் சொல்லு கூடச் செல்லாது, ஆபீசர் சொல்லும் செல்லாது. இதுக்காக நான் எத்தன பேரோட சண்ட போட்டேன் தெரியுமா?"

அப்போது தேன்மொழிக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

முதல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அஞ்சாவது அவளிடம் ஒரு கேள்வி கேட்டது. அரசாங்கச் செய்தி வாசிப்பது போன்ற சுத்தமான குரல்.

"கிளிஞ்சத்திட்டு மக்கள் சொல்லும் மீன் அளவுக்கும் உண்மையான அளவுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும்? அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறேன்."

நியாயமான கேள்வி. மனிதர்கள் கூட்டிக் குறைத்துப் பேசுவார்கள் என்று தெரிந்துதான் நஸ்ரீன் அதைக் கேட்க வைத்திருந்தாள். தேன்மொழி வாயைத் திறப்பதற்குள் பண்ணைக்காரர் தியாகராஜன் சிரித்துவிட்டார்.

"மீன்காரன் பேச்ச அளக்கணும்னா இதுக்கு மேல இன்னொரு மெஷின் வாங்கணும் சார்!"

துறை அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். விவசாயிகள் பக்கத்திலும் சிரிப்பு. தேன்மொழிக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது.

"எங்க ஊருல பொய் சொல்ற பழக்கம் கெடையாதுங்க. சொன்னா சொன்னதுதான்."

பக்கத்தில் இருந்த ஊர்த்தலைவர் அஞ்சாப்புலி மேசையைத் தட்டினார். "அப்படிச் சொல்லு!"

"வேறுபாடு பூஜ்யம். நன்றி" என்றது அஞ்சாவது.

படகில் திரும்பும்போது உள்ளே என்னவோ உறுத்தியது. நாளைக்கு நஸ்ரீனைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஏலம், அதற்கு மறுநாள் ஒரு கல்யாணம். நஸ்ரீன் வேறு "உங்க ஊருதான்க்கா எனக்கு நம்பிக்கை" என்று எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அப்படியே ஒரு வருஷம் ஓடிப்போனது. துறையில் பெட்டி தினமும் கேட்டது. வடக்கே போன படகுகள் "கொஞ்சம்" என்றன. தெற்கே போன படகுகள், அங்கேதான் மீன் கொட்டிக் கிடந்தது என்பதால், "ஒண்ணுமில்ல" என்றன.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது. காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது, பன்னிரண்டுக்குத் தெற்கு ஷட்டர் ஏறியது. மூன்று நாள் கறுப்புத் தண்ணீர் சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடியது. நாலாம் நாள் தேன்மொழி போய்ப் பார்த்தாள். தாய் நண்டுகள் வேர்களில் தொற்றியபடியே செத்திருந்தன. கொடுவாய்க் குஞ்சுகள் வயிறு வெளுத்து, கரையோரம் நெடுகப் படிந்து கிடந்தன. நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டாள். இந்த நாற்றத்திலிருந்து முகத்தை மறைத்துக்கொள்ள மற்ற எல்லோருக்கும் உரிமை உண்டு, தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கிளிஞ்சத்திட்டு தலையில் கை வைத்துக்கொண்டாலும் பட்டினி கிடக்கவில்லை. அவர்களுக்கு வடக்கு வாய்க்கால் இருந்தது, வெளியே கடல் இருந்தது. தெற்கு வாய்க்காலை மட்டுமே நம்பியிருந்தவர்கள் காட்டு ஓரத்தில் குடிசை போட்டிருந்த ஏழு இருளர் குடும்பங்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியின் கயிறு பல்லில் இருக்கும். அவர்களைக் கூட்டவையில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேன்மொழிக்கும் தோன்றவில்லை.

அவர்களில் பச்சையம்மா என்பவள் தேன்மொழிக்குப் பழக்கம். வாரத்துக்கு மூன்று நாள் இறால் கொண்டுவந்து கொடுப்பவள். அன்றைக்கு வெறும் பறியோடு வந்து நின்றாள்.

"தேனும்மா, அந்தப் பொட்டி ஏம்மா எங்க பக்கம் தெறந்துச்சு?"

"தெக்க நஷ்டம் கம்மின்னு கணக்குப் போட்டிருக்கு."

"கம்மியா? நாங்க ஏழு வீடு அதுலதான கஞ்சி குடிக்கிறோம். அதுக்கு யாரு அப்படிச் சொன்னது?"

தேன்மொழி தராசைத் துடைத்தாள். துடைத்த தராசையே மறுபடி துடைத்தாள்.

"பங்குனி வரைக்கும் தண்ணி தெளியாது போலிருக்கும்மா. மேஸ்திரி ஒருத்தர் சவுக்கு வெட்டக் கூப்புடுறாரு, மரக்காணம் பக்கம். போனா புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சு. நீங்க அந்தக் கூட்டத்துல இருக்கீங்க இல்ல? மறுபடி எங்க பக்கம் தெறக்காதுன்னு ஒரு வார்த்த வாங்கிக் குடுங்க. நாங்க எப்படியாச்சும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துக்கிறோம்."

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் தேன்மொழி. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரியும். கூட்டவையில் எழுந்து, நாங்கள் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். பொய் நிரூபணமான தரப்பின் சொல் மூன்று வருஷத்துக்குச் செல்லாது. அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது.

அஞ்சாப்புலியிடம் போய்ச் சொன்னாள். அவர் அவள் கணவனுக்குத் தாய்மாமன். நல்ல மனிதர்தான்.

"ஏம்மா, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? மூணு வருசம் நம்ம வாயக் கட்டிப்போட்டா பண்ணக்காரன் என்னா ஆட்டம் ஆடுவான் தெரியுமா? வடக்க நம்ம வலைக்காகப் பேச ஆளே இருக்காது."

"ஏழு குடும்பம் மாமா."

"நம்மது இருநூறு குடும்பம். நீயா எதையும் ஒளறாத. தண்ணி தானா தெளியும்."

இருநூறு என்பது பெரிய எண். அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. தை மாதக் கூட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை. அங்கே கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். சோறு இறங்கவில்லை. மகள் "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டபோது காரணமே இல்லாமல் அவள்மீது எரிந்து விழுந்தாள்.

மாசிக் கூட்டத்தில் துறை அதிகாரி ஒரு யோசனை வைத்தார். தெற்கு வாய்க்காலில்தான் ஒன்றும் இல்லையே, அதையே நிரந்தர வெள்ளப் பாதையாக அறிவித்துவிட்டால் என்ன? தியாகராஜன் உடனே கையைத் தூக்கினார். அஞ்சாப்புலியும் தயங்கித் தயங்கித் தூக்கினார். வடக்கே ஊர் வலை இருந்ததே.

தேன்மொழி எழுந்தாள். "தெக்க ஒண்ணுமில்லன்னு நாங்க சொன்னது பொய்ங்க" என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. படகு நிறைந்தால் எப்படிப் பேசுவோம், ஏன் அப்படிப் பேசுவோம், முதல் நாள் கேட்டபோது கேலி பொறுக்காமல் தான் எப்படிப் பொய்யே கிடையாது என்று அடித்துச் சொன்னாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அஞ்சாப்புலி அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார். நஸ்ரீன் அவளைப் பார்க்கவே இல்லை, குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சாவது திட்டவில்லை. அதற்குத் திட்டத் தெரியாது. "திருத்தம் ஏற்கப்பட்டது. நிரந்தரப் பாதை யோசனை தள்ளுபடி. தெற்கு முகத்துவாரத்தில் மணல் அள்ளிக் கடல்நீரை உள்ளே விடப் பரிந்துரைக்கிறேன். கிளிஞ்சத்திட்டின் சொல் இன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் ஏற்கப்படாது" என்றது. கிளிஞ்சத்திட்டின் காலியான நாற்காலியைத் தெற்குக் கரைக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்று நஸ்ரீன் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

தேன்மொழி நேரே தெற்குக் கரைக்குப் படகை விடச் சொன்னாள். ஏழு குடிசைகளின் கதவுப் படல்களும் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. தை கடைசியிலேயே லாரி வந்து ஏற்றிப்போய்விட்டது என்று அங்கே விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். தை மாதக் கூட்டத்துக்கு அடுத்த வாரம். அந்த டீயின் ருசி அவள் நாக்கில் ஏறி வந்தது.

அதன்பிறகு ஊர் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் பேச ஒன்றுமில்லை. தெற்கு முகத்துவாரத்தில் மணல் அள்ளினார்கள். கடல் ஏறி இறங்கி ஏறி இறங்கி, காட்டைக் கழுவியது. ஆவணியில் ஒரு நாள் அவள் தெற்கு வாய்க்காலில் தனியாக இறங்கினாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் குனிந்து சேற்றைக் கையால் தடவினாள். முதலில் வெறும் சேறு. கொஞ்சம் தள்ளி, வேருக்கு அடியில், உள்ளங்கைக்குக் கீழே என்னவோ துடித்து உதைத்தது. இறால். இன்னொன்று. சுண்டுவிரல் அளவில், கூட்டம் கூட்டமாக. அந்தத் தண்ணீரிலேயே நின்று அழுதாள்.

ஈரச் சேலையோடு துறைக்கு ஓடிவந்து பெட்டியிடம் சொன்னாள். "தெக்க இறால் வந்துடுச்சு. நெறைய இருக்குது."

'நெறைய' என்ற சொல் அந்தத் துறையில் அன்றுதான் முதன்முதலாகச் சொல்லப்பட்டது.

"கிளிஞ்சத்திட்டின் சொல் ஏற்கப்படாது. இன்னும் இரண்டு ஆண்டு ஆறு மாதம். நன்றி" என்றது பெட்டி.

நஸ்ரீனிடம் ஓடினாள். அவள் கோபம் தணிந்திருந்தாளே தவிர, பழைய நஸ்ரீனாக இல்லை.

"என் சொல் செல்லாதுன்னு நானே எழுதி வெச்சிருக்கேன்க்கா. கடைசியா நாம பாத்தப்ப தெக்க எல்லாம் செத்துக் கெடந்துச்சு. அதுக்குத் தெக்கன்னா இன்னும் காலிதான். ஐப்பசில தண்ணி வந்தா அங்கதான் விடும்."

"வேற வழியே இல்லையா?"

"தெக்குக் கரை நாற்காலி இருக்கு. அவங்க யாராச்சும் சொன்னா எடுத்துக்கும். போன்ல சொன்னாலும் போதும்."

விசாரித்து விசாரித்து இடத்தைக் கண்டுபிடிக்கவே ஐப்பசி பிறந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதே மேற்கே மழை கொட்டுகிறது என்று செய்தி வந்தது. சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு ஷட்டர் திறந்தாக வேண்டும்.

சவுக்குத் தோப்பில் பச்சையம்மா கட்டைக்குப் பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் அவள் மகளும் பேத்தியும், கையில் ஆளுக்கொரு அரிவாள்.

"அக்கா" என்றாள் தேன்மொழி.

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பச்சையம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகுதான் எழுந்தாள். "தேனும்மாவா? எங்கம்மா இவ்ளோ தூரம்?"

தேன்மொழி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். யார் அப்படிச் சொன்னது என்று அன்றைக்கு நீ கேட்டாயே, நான்தான் சொன்னேன் என்றாள். பச்சையம்மா கையிலிருந்த துணியை அவிழ்த்து, உதறி, மறுபடி சுற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியும்மா. தராச ரெண்டு தடவ தொடச்சீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"இப்ப எறால் திரும்பி வந்துடுச்சுக்கா. நானே தொட்டுப் பாத்தேன். நீங்க சொன்னா அது கேக்கும். தெக்க நெறைய இருக்குன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க." அஞ்சாவதின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்.

"நான் எங்கம்மா பாத்தேன்?"

"நான் பாத்தேன்க்கா. சத்தியமாப் பாத்தேன்."

"நீங்க பாத்தத நான் பாத்தேன்னு சொல்லணுமா?"

இந்தக் கழிமுகத்தில் பிழைத்த கூட்டத்தில் ஒரு பொய்யும் சொல்லாதவள் இவள் ஒருத்திதான், இவளிடம் வந்து பொய்ச் சாட்சி கேட்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை இழுத்துக்கொள்ளப் போனாள். அதற்குள் அதிலிருந்து குரல் வந்துவிட்டது.

"தெற்குக் கரை உறுப்பினரே, வணக்கம். தெற்கு வாய்க்காலில் இப்போது என்ன இருக்கிறது?"

பச்சையம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பெரியவர்களிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள்.

"தெரியாதுங்க. நான் இங்க சவுக்குத் தோப்புல இருக்கேன். ஒம்போது மாசமாச்சு அந்தத் தண்ணில கைய வெச்சு. தொட்டுப் பாக்காம எப்படிங்க சொல்றது?"

போன் கட்டாகிவிட்டதோ என்று தேன்மொழி திரையைப் பார்த்தாள்.

"பதிவு செய்தேன். தெற்கு வாய்க்கால்: தெரியாது" என்றது அஞ்சாவது. "இரண்டு ஆண்டுகளில் கூட்டவையில் யாரும் எனக்கு இந்தப் பதிலைத் தந்ததில்லை. தெரிந்த நஷ்டங்களைத்தான் நான் ஒப்பிட முடியும். என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் வெள்ளம் விட எனக்கு அனுமதி இல்லை. வடக்கு ஷட்டர் நாலு மணிக்குத் திறக்கும்."

தேன்மொழி அங்கேயே சவுக்குக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். தெரியாது. முதல் நாள் எல்லோரும் சிரித்தபோது, எவ்வளவு வேறுபாடு என்று அது கேட்டபோது, எனக்குத் தெரியாதுங்க, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர் மானமும் போயிருக்காது, யாரையும் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகியிருக்காது. அந்த ஒரு சொல் அவளுக்கு வரவில்லை.

"வடக்க தெறந்தா உங்க ஊரு வல இருக்கேம்மா?" பச்சையம்மாவின் முகம் மாறிப்போயிருந்தது. "மீனெல்லாம் செத்துடுமே. நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?"

"இல்லக்கா. நீங்க தப்பே சொல்லல."

வலைகளை எடுக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தேன்மொழி அஞ்சாப்புலியின் எண்ணை அழுத்தினாள். எடுத்ததும் அவர் கத்துவார், இருநூறு குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கத்துவார், அதைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தோப்பின் அந்தப் பக்கத்திலிருந்து மேஸ்திரி அதட்டினார். பச்சையம்மா "வரேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டையை மடிக்கு இழுத்துப் பட்டை உரிக்கத் தொடங்கினாள்.